ராத்திரி பத்து மணிக்கு மேல மாடியில டைல்ஸ் வெட்டுறாங்களா? சண்டைக்கு போறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

கீழக்கரையில நாங்க இருக்குற பிளாட்ஸ்ல மொத்தம் பன்னெண்டு வீடு, எங்களது ரெண்டாவது மாடி. போன வருஷம் ஒரு நாள் ராத்திரி 10.45 இருக்கும், பையனை அப்பதான் தூங்க வச்சிட்டு படுத்தேன், தலைக்கு மேல "ங்ஙீஈஈ"ன்னு ஒரு சத்தம். கட்டிங் மெஷின். கல்லுல பிளேடு இறங்கும்போது ஒரு சத்தம், கல்லு விட்டு வெளிய வரும்போது இன்னொரு சத்தம், நடுவுல ரெண்டு நிமிஷம் அமைதியா இருக்கும் பாருங்க, அந்த ரெண்டு நிமிஷம்தான் கொடுமை, ஏன்னா அடுத்தது எப்ப வரும்னு காது காத்துக்கிட்டே இருக்கும். அன்னைக்கு 12.20 வரைக்கும் ஓடுச்சு. நான் என்ன பண்ணேன்னா லுங்கியோட மேல ஏறிப்போய் கதவத் தட்டி சத்தம் போட்டேன். அது தப்பு. ஏன் தப்புன்னு கீழ சொல்றேன், அதுக்கப்புறம் பதினேழு நாள்ல நான் கத்துக்கிட்டதத்தான் வரிசையா எழுதியிருக்கேன், புதுசா இந்த பிரச்சனையில மாட்டுனவங்களுக்கு உதவும்.

முதல் வேலை: என்ன சத்தம், ஏன் ராத்திரியில

இதைத்தான் எல்லாரும் விட்டுடுறாங்க. நேரா போலீஸ், இல்லன்னா நேரா சண்டை. ஆனா ராத்திரி வேலைக்கு எப்பவும் ஒரு காரணம் இருக்கும், காரணம் தெரிஞ்சா யார்கிட்ட பேசணும்னு தெரியும், என்ன கேட்டா ஒத்துக்குவாங்கன்னும் தெரியும். நம்ம ஊர்ப்பக்கம் நான் பாத்த வரைக்கும் காரணம் இப்படித்தான் இருக்கு.

ஒண்ணு, கான்கிரீட் போடுற நாள். பக்கத்து மனையில மாடிக்கு தளம் போடுறாங்கன்னா காலையில ஆரம்பிச்சது இருட்டுற வரைக்கும் போகும், சில சமயம் ஒம்பது பத்துன்னும் ஆகும். மிக்சர் மெஷின், வைப்ரேட்டர், ஆளுங்க சத்தம் எல்லாம் சேந்து வரும். இதுல ஒரு நியாயம் இருக்கு. பாதியில நிறுத்திட்டு மறுநாள் தொடர்ந்தா பழைய கான்கிரீட்டும் புதுசும் சரியா ஒட்டாது, அந்த இடத்துல பின்னாடி தண்ணி கசியும். வெயில் காலத்துல இன்னும் சீக்கிரம் இறுகிடும்ங்கறதால அவங்களுக்கும் அவசரம். இது ஒரு நாள் கூத்து, பொறுத்துக்கிறது நல்லது. "அடுத்த தளம் எப்பண்ணே போடுறீங்க, ரெண்டு நாள் முன்னாடி சொல்லிடுங்க"ன்னு மட்டும் கேட்டு வச்சிக்கிட்டா அன்னைக்கு மாமியார் வீட்டுக்கு கிளம்பிடலாம்.

ரெண்டாவது, லோடு இறக்குறது. எம் சாண்ட், ஜல்லி, கம்பி எல்லாம் வெளியூர்லேர்ந்து வர்றது, பகல்ல நம்ம தெருவுக்குள்ள லாரி திரும்பாது, அதனால ராத்திரி வரும். ஜல்லி கொட்டுறது ஒரு நிமிஷ வேலை. கம்பிதான் மோசம், பன்னெண்டு மீட்டர் கம்பிய கட்டோட இழுத்து ரோட்டுல போட்டா அந்தத் தெருவே எந்திரிச்சு உக்காந்துடும். இதுக்கு சைட்ல இருக்குற மேஸ்திரி ஒண்ணும் பண்ண முடியாது, மெட்டீரியல் ஆர்டர் பண்றது கான்ட்ராக்டர், அவர்கிட்டத்தான் காலையில ஆறு மணிக்கு மேல இறக்கச் சொல்லி கேக்கணும்.

மூணாவது, போர்வெல் போடுற வண்டி. ஆரம்பிச்சா முடிக்கிற வரைக்கும் ஓட்டத்தான் பாப்பாங்க, வண்டி அடுத்த ஊருக்கு போகணும்.

நாலாவதுதான் எங்க கதை. பிளாட்டுக்கு உள்ள நடக்குற வேலை. மூணாவது மாடிக்காரர் துபாய்ல இருக்காரு, லீவு முப்பது நாள்தான், பிளைட் ஏறுறதுக்குள்ள தரை மாத்தி, பாத்ரூம் மாத்தி, கிச்சன் முடிச்சு பாத்துட்டு போகணும். டைல்ஸ் டீம் வேற சதுரடி கணக்குல வேலை எடுத்தவங்க, எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறாங்களோ அவ்வளவு சீக்கிரம் அடுத்த சைட். ரெண்டு அவசரமும் சேந்தா ராத்திரி பன்னெண்டு. நான் அன்னைக்கு யார்கிட்ட கத்துனேனோ அந்தப் பையன் ஒடிசாவோ பீகாரோ, தமிழே தெரியாது, பேந்தப் பேந்த முழிச்சான், மெஷின நிறுத்துனான், நான் கீழ வந்து படுத்ததும் திரும்ப ஓடுச்சு. நேரத்த முடிவு பண்றவன் அவன் இல்லையே.

ரெண்டாவது வேலை: எழுதி வைங்க

அதே ராத்திரி போன்ல நோட்ஸ் திறந்து தேதி, ஆரம்பிச்ச நேரம், நின்ன நேரம், என்ன மெஷின், எந்தப் பக்கம்னு ஒரே வரியில எழுதுங்க. ஒரு நிமிஷ வீடியோ எடுங்க, எடுக்கும்போது சுவர்க் கடிகாரத்த ஒரு தடவை காட்டிட்டு அப்புறம் சத்தம் வர்ற பக்கம் திருப்புங்க. ஆளுங்க முகத்த எடுக்க வேணாம், அது தேவையில்லாத பிரச்சனை. சத்தத்தோட அளவ டெசிபல்ல காட்டுற ஆப் போட்டு ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலும் தப்பில்ல, ஆனா போன் மைக் காட்டுற நம்பர் சுமாராத்தான் இருக்கும், அதை வச்சு வாதாட வேணாம். மூணு நாள் பதிவு இருந்தா போதும், "தினமும் தொல்லை சார்"னு சொல்றதுக்கும் "12ஆம் தேதி 10.45லேர்ந்து 12.20"ன்னு சொல்றதுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு பேசும்போது தெரியும்.

மூணாவது வேலை: சட்டம் என்ன சொல்லுதுன்னு தெரிஞ்சிக்கோங்க, ஆனா அதை முதல்லயே எடுத்து வீசாதீங்க

ஒலி மாசு கட்டுப்பாட்டு விதிகள்னு மத்திய அரசு 2000-ல கொண்டு வந்தது. அதுல ராத்திரின்னா 10 மணிலேர்ந்து காலை 6 மணி வரைக்கும். குடியிருப்புப் பகுதிக்கு பகல்ல 55 டெசிபல், ராத்திரி 45. 2010-ல இதுல ஒரு திருத்தம் வந்துச்சு, 5ஏங்கிற விதி, அதுதான் நமக்கு முக்கியம்: சத்தம் போடுற கட்டுமான இயந்திரங்கள குடியிருப்புப் பகுதியில ராத்திரி நேரத்துல ஓட்டக்கூடாது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட் சுத்தி 100 மீட்டர் அமைதி மண்டலமா அறிவிச்சிருந்தா அங்கயும் அதேதான்.

இதுல ஒரு நல்ல விஷயம் கவனிச்சீங்களா. சாதாரண சத்தத்துக்கு புகார் கொடுக்கணும்னா அளவ விட 10 டெசிபல் கூட இருக்கணும்னு ஒரு கணக்கு இருக்கு. ஆனா ராத்திரிக்கான தடைய மீறுனா அந்தக் கணக்கே தேவையில்ல. பத்து மணிக்கு மேல கட்டிங் மெஷின் ஓடுச்சா, அதுவே போதும். "மீட்டர் வச்சு அளந்தீங்களா"ன்னு யாராவது கேட்டா இதைச் சொல்லுங்க.

நாலாவது வேலை: காலையில போய் பேசுங்க

ராத்திரி பேசாதீங்க. ராத்திரி நமக்கும் கோவம், அவங்களுக்கும் அசதி. காலையில பத்து மணி வாக்குல, வீட்டுக்காரரும் மேஸ்திரியும் ஒண்ணா இருக்குற நேரமா பாத்துப் போங்க. நான் ரெண்டாவது தடவை போனப்ப பேசுனது கிட்டத்தட்ட இப்படி (காக்கான்னா எங்க ஊர்ல அண்ணன்):

"காக்கா, வேலை நல்லா போகுதா? லீவு எப்ப முடியுது?"

"பதினெட்டு நாள்தான் தம்பி இருக்கு, ஒண்ணும் முடியல, மண்டை காயுது."

"புரியுது காக்கா. நீங்க சீக்கிரம் முடிக்கணும், எங்களுக்கு தூங்கணும். சின்னவன் ராத்திரி ரெண்டு தடவை எந்திரிச்சு அழுவுறான். வேலைய நிறுத்தச் சொல்லல, சத்த வேலைய மட்டும் பகலுக்கு மாத்த முடியுமான்னு மேஸ்திரியக் கேப்போமா?"

மேஸ்திரி முதல்ல "அதெப்படிங்க, அளந்து அளந்துதான வெட்டணும்"னாரு. நியாயமான கேள்வி. ஆனா உக்காந்து பேசுனப்ப வழி கிடைச்சுது. சுவரோரம் வர்ற துண்டுக் கல்லுதான் வெட்டணும், முழுக்கல்லுக்கு வெட்டே கிடையாது. ஒரு ரூமோட ஓரக்கல்ல எல்லாம் சாயங்காலமே அளந்து வெட்டி நம்பர் போட்டு அடுக்கிட்டா ராத்திரி ஒட்டுறது மட்டும்தான் பாக்கி. ஒட்டும்போது ரப்பர் சுத்தியால தட்டுறாங்கல்ல, அது கீழ் வீட்டுக்கு "டொக் டொக்"னு நேரா இறங்கும், அதையும் ஒம்பதரையோட நிறுத்தச் சொன்னேன். கடைசியில எங்க ஒப்பந்தம் இது: வெட்டுறது, துளை போடுறது, உடைக்கிறது, பைப்புக்கு காடி அடிக்கிறது எல்லாம் ராத்திரி 8 மணியோட சரி. வயர் இழுக்குறது, பட்டி பாக்குறது, பெயிண்ட் அடிக்கிறது எவ்வளவு நேரம் வேணாலும் ஓடட்டும், அது எங்களுக்கு கேக்கவே கேக்காது.

பேசி முடிச்சதும் அதை அப்படியே வாட்ஸ்அப்ல போட்டு விடுங்க, "காக்கா, காலையில பேசுன மாதிரி எட்டு மணிக்கு மேல கட்டிங் இல்ல, ரொம்ப நன்றி"ன்னு. மரியாதையாவும் இருக்கும், எழுத்துல பதிவாவும் இருக்கும். பிளாட்ஸ் குரூப்ல போட்டு மானத்த வாங்காதீங்க, தனியா அனுப்புங்க.

இன்னொண்ணு, கடற்கரைக்கு பக்கத்துல கட்டுறாங்கன்னா "சிஆர்இசட் அனுமதி (கடலோரத்துல கட்டுறதுக்கான அனுமதி) இருக்கா, காட்டு"ன்னு கிளப்பி விடுற ஆளுங்க உண்டு. தூக்கம் வேணும்னு போயிட்டு கட்டடத்தையே இடிக்கிற பேச்சு பேசுனா அப்புறம் யாரும் இறங்கி வரமாட்டாங்க. அது வேற வழக்கு, வேற நாளைக்கு.

அஞ்சாவது வேலை: கேக்கலன்னா புகார்

ஓடிக்கிட்டு இருக்கும்போதே 100 இல்லன்னா 112-க்கு போன் போடுங்க. கதை சொல்லாதீங்க. இடம், அடையாளம், என்ன மெஷின், எத்தனை மணிலேர்ந்து, இப்பவும் ஓடுதுன்னு நாலு வரி. ரோந்து போலீஸ் வந்து நிறுத்தச் சொன்னா பெரும்பாலும் அன்னைக்கு நின்னுடும், மறுநாள் திரும்ப ஓடுனா அதுக்கு எழுத்துப் புகார்தான் மருந்து. ஸ்டேஷன்ல கொடுத்தா, புகார வாங்கிக்கிட்டதுக்கான சிஎஸ்ஆர் ரசீது கேட்டு வாங்கிட்டு வாங்க, அது இல்லாம வெறுங்கையோட திரும்பாதீங்க. மாதிரி இப்படி எழுதலாம்:

"ஐயா, மேற்படி முகவரியில் குடும்பத்துடன் வசித்து வருகிறேன். எங்கள் குடியிருப்பை ஒட்டிய கட்டடத்தில் இம்மாதம் 12, 13, 15 ஆகிய தேதிகளில் இரவு 10 மணிக்கு மேல் கல் வெட்டும் இயந்திரம் இயக்கப்பட்டது. நேர விவரம் இணைத்துள்ளேன். நேரில் கேட்டுக்கொண்டும் பலனில்லை. ஒலி மாசு விதிகள் 2000, விதி 5ஏ-யின்படி இரவு 10 முதல் காலை 6 வரை இயந்திரங்களை இயக்காமல் தடுக்கக் கேட்டுக்கொள்கிறேன்."

அவ்வளவுதான், ஒரு பக்கத்துக்கு மேல எழுதுனா யாரும் படிக்க மாட்டாங்க. ரெண்டு மூணு வீட்டுக்காரங்க கையெழுத்து இருந்தா இன்னும் பலம். இதுக்கும் அசையலன்னா திங்கக்கிழமை ராமநாதபுரம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல மனு கொடுக்கலாம், இந்த விதிகள்ல மாவட்ட கலெக்டருக்கும் அதிகாரம் இருக்கு. முதல்வர் உதவி மையம் 1100-லயும் பதிவு பண்ணலாம். காக்கா விஷயத்துல நான் இந்தக் கட்டம் வரைக்கும் போகல. பழைய வீட்டுல இருந்தப்ப ஒரு தடவை எழுத்துப் புகார் கொடுத்தேன், வாங்கி வச்சாங்க, ரசீது கேட்டப்ப "நாளைக்கு வாங்க"ன்னாங்க, மூணு நாளைக்கு சேந்து போனப்புறம்தான் கிடைச்சுது, ஆனா கிடைச்ச அன்னைக்கு சாயங்காலமே கான்ட்ராக்டர் வீடு தேடி வந்தாரு.

அதுவரைக்கும் தூங்குறது எப்படி

சத்தம் எந்த வழியா வருதுன்னு பாருங்க. சுவத்துலயோ தூண்லயோ உள்ளங்கைய வச்சா அதிருதா? அப்ப அது கட்டடம் வழியா வருது, ஜன்னல் மூடி பிரயோஜனம் இல்ல, கட்டில சுவர விட்டு ஒரு சாண் தள்ளிப் போட்டு, மெஷின் ஓடுற ரூமுக்கு நேர் கீழ இல்லாத ரூமுக்கு மாறிடுங்க. அதிரலன்னா காத்துல வருது, ஜன்னலும் கதவு கீழ் இடுக்கும்தான் ஓட்டை, பழைய போர்வைய சுருட்டி கதவடியில வைங்க. ஆனா நம்ம ஊர்ல சோழகக் காத்து வர்ற தெக்கு ஜன்னல மூடிட்டு படுத்தா வேர்த்தே முழிச்சிடுவீங்க, அதனால சைட் பக்கம் இருக்குற ஜன்னல மட்டும் மூடி மத்தத திறந்து வைங்க. ராத்திரியில தரை குளிர்ந்து மேல காத்து சூடா இருக்கும்போது சத்தம் கீழ நோக்கி வளைஞ்சு வரும், அதனாலதான் பகல்ல கேக்காத தூரத்து மெஷின் கூட ராத்திரி கேக்குது, உங்க காதுல கோளாறு இல்ல.

மெடிக்கல்ல நுரை மாதிரி காதடைப்பான் கிடைக்கும், அதை சும்மா சொருகுனா வேலை செய்யாது. விரல்ல உருட்டி மெலிசாக்கி, இன்னொரு கையால காத மேலயும் பின்னாடியும் இழுத்துப் பிடிச்சு உள்ள விட்டு, அது விரியுற வரைக்கும் அரை நிமிஷம் விரல எடுக்காம அழுத்திப் பிடிக்கணும். கைக்குழந்தை இருக்குற வீட்டுல ரெண்டு பேரும் ஒரே நேரத்துல போட வேணாம், முறை வச்சிக்கோங்க.

காக்கா ஊருக்கு கிளம்புறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே வேலை முடிஞ்சுது, கூப்பிட்டு தரையக் காட்டுனாரு, நல்லாத்தான் இருக்கு. நேத்து சாயங்காலம் மாடிப்படிக்கு கீழ டைல்ஸ் பெட்டி இறக்கி வச்சிருந்தாங்க, முதல் மாடிக்காம். எண்ணிப் பாத்தேன், 46 பெட்டி. ரெண்டுக்கு ரெண்டு கல்லு, பெட்டிக்கு நாலு, 16 சதுரடி, அப்ப வீடு முழுக்க. நாளைக்கு காலையில பத்து மணிக்கு கீழ போகணும்.