மலையில் ஸ்போர்ட்ஸ் கார் வேலை: விடுமுறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொங்கலோ ஆண்டு இறுதியோ, தொடர்ந்து நான்கு நாள் விடுமுறை கிடைத்தால் போதும். கோவையிலிருந்தும் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஸ்போர்ட்ஸ் கார்கள் நீலகிரிக்கு ஏறி வந்துவிடும். குன்னூர், கோத்தகிரி, கேத்திப் பக்கம் வீடு வைத்திருப்பவர்களில் சிலர் அந்த நாட்களைக் கார் வேலைக்கென்றே ஒதுக்குகிறார்கள். பிரேக் ஆயில் மாற்றுவது, பேடு (சக்கரத்தோடு சுழலும் டிஸ்கை அழுத்தி நிறுத்தும் உராய்வுக் கட்டை) மாற்றுவது, ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்ட சின்னச் சின்ன வேலைகளை முடிப்பது என்று ஒரு பட்டியலோடு வருவார்கள். இது வரவேற்க வேண்டிய பழக்கம். தன் காரைத் தானே கழற்றிப் பார்த்தவர் அதை ஓட்டும்போது கேட்கும் ஒவ்வொரு சத்தத்துக்கும் பொருள் அறிந்தவராகிறார். ஆனால் சமவெளியில் சரியாக வரும் பல வழக்கங்கள் மலையில் ஆபத்தாகிவிடுகின்றன. காற்றின் அடர்த்தி, தரையின் சரிவு, ஈரம், வேலை முடிந்தபின் காரை ஓட்டிப் பார்க்கும் சாலை என எல்லாமே இங்கே மாறிவிடுகின்றன.

இல்லாத கோளாறைத் தேடுவது

முதல் தவறு ஸ்பானரைக் கையில் எடுப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது. உதகைக்கு வந்து சேர்ந்தவர், "வண்டி இழுவை குறைந்துவிட்டது" என்று முடிவு கட்டிவிடுகிறார். மறுநாள் காலை ஏர் ஃபில்டரைக் கழற்றுகிறார், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுகிறார், சென்சார்களைத் துடைக்கிறார். காரில் ஒரு குறையும் இல்லை. உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னையில் எஞ்சின் உள்ளிழுக்கும் காற்றோடு ஒப்பிட்டால் இங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் விசிறி) இல்லாத எஞ்சினின் சக்தியும் அதே அளவுக்குக் குறையும். டர்போ உள்ள கார்கள் இந்தக் குறையைப் பெருமளவு ஈடுகட்டிவிடும். அவற்றிலும் டர்போ வேகம் பிடிக்கும் வரை ஒரு மந்தம் தெரியலாம். மேட்டுப்பாளையம் இறங்கியதும் எல்லாம் தானாகச் சரியாகிவிடும். எச்சரிக்கை விளக்கு எரியாமல், எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தால், இழுவைக் குறைவுக்காக மலையில் எதையும் கழற்ற வேண்டாம்.

கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கருவி) வைத்த பழைய கார்களில் இதே தவறு எஞ்சினையே அழிக்கும். எம்.ஜி., டிரையம்ஃப் போன்ற பழைய இரு இருக்கைக் கார்களைக் காப்பாற்றி வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். உயரத்தில் காற்று குறைவதால் கலவையில் பெட்ரோல் மிகுந்துவிடும். கரும்புகை வரும், ஐடிலிங் தடுமாறும். உடனே கார்புரேட்டரின் திருகைத் திருப்பிப் பெட்ரோலைக் குறைக்கிறார்கள். உதகையில் எஞ்சின் அழகாக ஓடுகிறது. அதே அமைப்போடு சமவெளிக்கு இறங்கி நெடுஞ்சாலையில் விரட்டினால், காற்று மிகுந்து பெட்ரோல் போதாமல் எஞ்சின் கொதிக்கும். வால்வும் பிஸ்டனும் தீயும். திருகைத் தொட்டே ஆக வேண்டுமென்றால் எத்தனை சுற்று, எந்தப் பக்கம் என்று எழுதி ஸ்டீயரிங்கில் ஒட்டிவைத்துவிட்டு, மேட்டுப்பாளையத்தில் பழைய இடத்துக்குத் திருப்புங்கள்.

பிரேக்

மலையில் செய்யும் எல்லா வேலைகளிலும் இதைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். உதகையிலிருந்து மேட்டுப்பாளையம் வரை கார் சுமார் 1,900 மீட்டர் இறங்குகிறது. ஆட்களோடு ஒன்றரை டன் எடையுள்ள கார் அந்த இறக்கத்தில் இழக்கும் ஆற்றலைக் கொண்டு 80 லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். அதில் எஞ்சினும் காற்றும் தாங்குவது போக மிச்சமெல்லாம் பிரேக் டிஸ்கில்தான் வெப்பமாக இறங்குகிறது. கியரைக் குறைக்காமல் பிரேக்கை மட்டும் நம்பி இறங்குபவருக்கு ஏறக்குறைய முழுச் சுமையும் அங்கேதான்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. பிரேக் ஆயிலின் தர வகைகளில் ஒன்றான டாட் 4-க்குத் தரநிலை கேட்கும் குறைந்தபட்சக் கொதிநிலை, புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ்; ஈரம் ஏறியபின் 155 டிகிரி. கொதித்தால் குழாயில் ஆவி சேரும், மிதி தரைவரை போகும், கார் நிற்காது. ஆகவே மூடி திறந்து பல மாதங்களாக அலமாரியில் கிடந்த டப்பாவை "இன்னும் பாதி இருக்கிறதே" என்று ஊற்றுவது பெரும் தவறு. குன்னூரின் மூடுபனியில் டப்பாவைத் திறந்து வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போவதும் அப்படித்தான். சீல் உடைக்காத சின்ன டப்பாவை வாங்குங்கள். மிச்சத்தை அடுத்த ஆண்டுக்கு வைக்காதீர்கள். டாட் 5.1 என்று காரின் கையேடு கேட்டால் டாட் 5 வாங்கிவிட வேண்டாம். டாட் 5 சிலிக்கோன் வகை, மற்றவற்றோடு சேராது.

பிரேக் குழாய்க்குள் இருக்கும் காற்றை வெளியேற்றும்போது இரண்டு இடங்களில் சறுக்குகிறார்கள். ஒன்று, மேலே தொட்டியில் ஆயில் வற்றிப்போவதைக் கவனிக்காமல் விடுவது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்புக்குள் காற்று புகுந்துவிட்டால் பல கார்களில் ஸ்கேனர் கருவி இல்லாமல் அதை வெளியேற்ற முடியாது. விடுமுறை நாளில் அந்தக் கருவியோடு யாரும் மலையேறி வரப்போவதில்லை. மற்றொன்று, பழைய காரில் மிதியைத் தரைவரை அழுத்துவது. மிதியின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரில் வழக்கமாக ரப்பர் சீல் போகாத பகுதியில் துரு படிந்திருக்கும். அங்கே உரசினால் சீல் கிழியும். மிதிக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்தால் போதும். ஆயில் பெயிண்டில் சிந்தினால் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். துணியால் தேய்த்தால் பெயிண்ட் உரியும்.

எலக்ட்ரானிக் ஹேண்ட்பிரேக் உள்ள கார்களில் பின்சக்கரப் பேடு மாற்றுவதற்கு முன் அதை இயக்கும் மோட்டாரைச் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அதைச் செய்யாமல் கிளாம்ப் வைத்து, பேடைத் தள்ளும் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளினால் மோட்டாரும் திருகும் சேதமாகும்.

எல்லாவற்றிலும் கொடிய தவறு, புதுப் பேடு போட்ட காரை நேராகக் கொண்டை ஊசி வளைவுக்கு ஓட்டிச் செல்வது. மேட்டுப்பாளையம் பாதையில் 14 வளைவுகள், கல்லட்டிப் பாதையில் 36. சோதனை ஓட்டத்துக்கு ஏற்ற சாலை இரண்டில் எதுவும் கிடையாது. பேடு மாற்றியதும் முதல் சில மிதிகள் காலியாகத்தான் போகும். பிஸ்டன் முன்னே வந்து பேடைத் தொட்ட பிறகே பிரேக் பிடிக்கும். கார் நகர்வதற்கு முன்பே, நின்ற இடத்தில், மிதி கெட்டியாகும் வரை அழுத்துங்கள். பிறகு சமதளத்தில் நடை வேகத்தில் பலமுறை நிறுத்திப் பாருங்கள். புதுப் பேடு டிஸ்கோடு பழக, நடுத்தர வேகத்திலிருந்து மெல்ல மெல்லக் குறைக்கும் பல நிறுத்தங்களும் நடுவே ஆறும் இடைவெளியும் வேண்டும். போக்குவரத்து இல்லாத சமச்சாலை கிடைத்தால்தான் அது முடியும். சீசன் நாட்களில் நீலகிரிச் சாலைகளில் அதற்கு இடமே இல்லை. என் கருத்து இதுதான்: பேடு மாற்றும் வேலையைச் சமவெளியில் முடித்துவிட்டு மலையேறுங்கள்.

ஒன்றைச் சொல்லி நகர்கிறேன். இரவு முழுக்கப் பனியில் நின்ற காரின் டிஸ்கில் காலையில் செம்பழுப்பு நிறம் படிந்திருக்கும். அது மேலோட்டமான துரு. சில மிதிகளில் போய்விடும். அதற்காக உப்புத்தாளை எடுக்க வேண்டாம்.

சரிவில் ஜாக்கி

நீலகிரி வீடுகளில் முழுச் சமதளமான முற்றம் அரிது. கண்ணுக்குச் சமமாகத் தெரிவதும் சரிவாக இருக்கும். ஒரு பந்தை உருட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஹேண்ட்பிரேக் பின்சக்கரங்களில்தான் வேலை செய்கிறது. பின்பக்கம் முழுவதையும் தூக்கினால் அது இருந்தும் பயனில்லை. ஆட்டோமேட்டிக் காரில் கியரை 'பி'யில் வைத்துவிட்டோம் என்று நம்புபவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. பின்சக்கரத்தில் இழுவை உள்ள பல ஸ்போர்ட்ஸ் கார்களில், ஒரு பின்சக்கரம் தரையை விட்டு எழுந்ததும், அது எதிர்ப்பக்கமாகச் சுற்ற, தரையில் இருக்கும் சக்கரம் உருளலாம். இரண்டு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியல் வேலை செய்யும் முறையே அதுதான். எனவே தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கனமான கட்டை அல்லது பெரிய கல் வையுங்கள்; ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு நிமிடம்கூடக் காருக்கு அடியில் போகாதீர்கள். தூக்கிய காரைத் தாங்கி நிற்கும் ஜாக்கி ஸ்டாண்டு கட்டாயம். மழையில் ஊறிய மண்ணில் ஸ்டாண்டின் கால் புதையும். அடியில் தடித்த பலகை வேண்டும். சரிவான முற்றம் மட்டுமே இருந்தால் அங்கே சக்கரத்தைத் தூக்கும் வேலை வேண்டாம்.

தாழ்ந்த காருக்கு அடியில் சாதாரண ட்ராலி ஜாக்கி நுழையாது. இரண்டு அகலப் பலகைகள் மீது காரை முதலில் ஏற்றிக்கொண்டால் இடம் கிடைக்கும். கையேட்டில் காட்டிய இடத்தில் மட்டும் ஜாக்கியைக் கொடுங்கள். அரை அங்குலம் தள்ளிப்போனாலும் பக்கவாட்டுத் தகடு நசுங்கும். சக்கர போல்ட்டைக் காலால் மிதித்து முறுக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். வோக்ஸ்வாகன் போலோவுக்கு 120 நியூட்டன் மீட்டர். பழைய போர்ஷே 911 கார்கள் பலவற்றுக்கு 130, புதியவற்றுக்கு 160. கையேட்டைப் பார்த்து டார்க் ரெஞ்சால் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) முறுக்கினால் சந்தேகத்துக்கே இடமில்லை.

காற்று, தண்ணீர், பேட்டரி

மலையேறி வந்ததும் டயர் காற்றைச் சோதித்து, அளவு அதிகம் என்று இறக்கிவிடுகிறார்கள். ஓடி வந்த டயர் சூடாக இருக்கும். அந்த அளவு பொய். வெளிக்காற்றின் அழுத்தம் மலையில் குறைவதால் மானி சற்றுக் கூடுதலாகக் காட்டும் என்பது உண்மை. ஆனால் குளிரில் டயருக்குள் இருக்கும் காற்று சுருங்குவதால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றையொன்று சமன்செய்துவிடும். மேட்டுப்பாளையத்தில் காலையில் 32 பி.எஸ்.ஐ. அழுத்தம் வைத்த டயர், உதகையின் குளிர்ந்த காலையிலும் 32க்கு அருகிலேயே இருக்கும். தொடாமல் விடுவதே சரி.

ரேடியேட்டரில் வெறும் தண்ணீரோடு டிசம்பரில் மேலே வராதீர்கள். தலைக்குந்தா, அவலாஞ்சிப் பக்கம் உறைபனிக் காலத்தில் வெப்பநிலை பூஜ்யத்தைத் தொடும். கூலன்ட் பாதி, தண்ணீர் பாதி என்ற கலவை உறையாது, கொதிநிலையையும் உயர்த்தும். சூடான மூடியைத் திறப்பது எங்கும் தவறுதான். உதகையில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் இங்கே இன்னும் சீக்கிரம் பீறிடும்.

துணிக் கூரை கொண்ட கார்களில் கூரையின் ஓரத்தில் மழைநீர் வடியும் குழாய்கள் உண்டு. சில்வர் ஓக், யூக்கலிப்டஸ் சருகு அவற்றை அடைத்துவிடும். தண்ணீர் இருக்கைக்கு அடியில் தேங்கும். முதல் தலைமுறை போர்ஷே பாக்ஸ்டரில் கதவுப் பூட்டையும் திருட்டுத் தடுப்பையும் கவனிக்கும் மின்னணுப் பெட்டி அங்கேதான் இருக்கிறது. நனைந்தால் கார் ஸ்டார்ட் ஆகாது. அடைப்பை எடுக்கக் கம்பியை விடுகிறார்கள், குழாய் கிழிகிறது. புல் வெட்டும் கருவியின் நைலான் நரம்பு இதற்குப் போதும். கம்ப்ரஸர் காற்றை வேகமாக அடித்தால் குழாய் மூட்டு கழன்றுவிடும். பின்கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் வைத்த கூரையைக் குளிர்ந்த காலையில் மடிக்காதீர்கள். விறைத்த பிளாஸ்டிக் மடிப்பில் வெடிக்கும். வெயில் ஏறட்டும்.

மாதக்கணக்கில் மலைவீட்டில் நின்ற காரை ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். எலி கூடு கட்டியிருக்கும். பேட்டரியைக் கழற்றினால், முன்பக்க டிக்கி மின்பூட்டு கொண்ட போர்ஷே போன்ற கார்களில் அதை மூடிவிடாதீர்கள். மின்சாரம் இல்லாமல் அது திறக்காது. பேட்டரியோ அதற்குள் இருக்கும். ஃபியூஸ் பெட்டி வழியாக மின்சாரம் கொடுத்துத் திறக்கும் வழி கையேட்டில் இருக்கிறது. கையேடு அந்த டிக்கிக்குள் இருந்தால் என்ன செய்வது?

குளிருக்காகக் கராஜ் கதவை மூடிக்கொண்டு எஞ்சினை ஓடவிடுவது உயிரைப் பறிக்கும். மூடிய அறையில் கரி மூட்டி உறங்கியவர்கள் இறந்த செய்தி மலைப்பகுதிகளிலிருந்து குளிர்காலத்தில் வருகிறது. இரண்டிலும் கொல்வது ஒரே கார்பன் மோனாக்சைடு. அதற்கு மணமோ நிறமோ கிடையாது. காரை வெளியே தள்ளிவிட்டு எஞ்சினைப் போடுங்கள்.

நாளும் கழிவும்

உதிரிபாகம் கையில் இல்லாமல் எதையும் கழற்றாதீர்கள். பொங்கல் நாட்களில் கோவைக் கடைகளும் பூட்டியிருக்கும். வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் காரின் ஒரு வாஷருக்காகக் கார் வாரக்கணக்கில் ஸ்டாண்டில் நிற்க நேரும். ஊர் திரும்புவதற்கு முந்தைய நாள் பிரேக், ஸ்டீயரிங், சக்கரம் ஆகியவற்றைத் தொடும் வேலை எதுவும் வேண்டாம். குறைந்தது ஒரு முழுப் பகலாவது பார்த்துவிட்டுத்தான் காரை மலையிறக்க வேண்டும். மிதியின் கெட்டித்தன்மை, ஆயில் மட்டம், கசிவு என எல்லாம் அந்த ஒரு நாளில் தெரிந்துவிடும்.

வடித்த எஞ்சின் ஆயிலை முற்றத்து ஓரத்தில் ஊற்றுபவர்களை இன்னும் பார்க்கிறேன். இது வருத்தம் தரும் செயல். அந்தச் சரிவில் ஊற்றியது ஓடைக்குப் போகும். நீலகிரி ஓடைகள் பவானிக்கும் மோயாற்றுக்கும் போகின்றன, கீழே ஊர்கள் அந்தத் தண்ணீரைக் குடிக்கின்றன. பழைய ஆயில் சட்டப்படி அபாயகரக் கழிவு. பழைய கூலன்டும் அதே அளவு கெட்டது. இனிப்பாக இருப்பதால் நாய்கள் நக்கிக் குடித்துச் சாகும். மூடியுள்ள கேனில் பிடித்து, கூலன்டையும் ஆயிலையும் ஒன்றாகக் கலக்காமல் தனித்தனியாக வைத்து, கழிவு ஆயில் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். உதகையிலோ குன்னூரிலோ வாங்க மறுத்தால், கேனை டிக்கியில் நிமிர்த்திக் கட்டிக் கோவைக்கு எடுத்துச் செல்லுங்கள்.