சாயங்காலம் ஆனால் செருப்பு நுழையவில்லையா?

ஏழாம் மாதத்தில் எனக்கு முதலில் மக்கர் செய்தது மெட்டிதான். காலையில் லூசாகச் சுழன்றது, சாயங்காலம் விரலைக் கடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் சதை பிதுங்கி நின்றது. "மாசமா இருக்கும்போது கழட்டலாமாம்மா?" என்று மாமியார் தயங்கினார். தாராளமாகக் கழற்றலாம். வீக்கம் குறைந்திருக்கும் காலை நேரத்தில் தேங்காய் எண்ணெய் தடவி, திருகித் திருகி மெதுவாக எடுங்கள், வரவில்லையா, நகைக்கடையில் வெட்டிவிடச் சொல்லுங்கள். மோதிரமும் வளைகாப்பு வளையலும் இறுகினாலும் இதேதான்.

காலில் ஏன் நீர் கோக்கிறது? மாசமாக இருக்கும்போது உடம்பில் ரத்தம் 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. கர்ப்பப்பை பெரிதாகப் பெரிதாக, காலிலிருந்து ரத்தத்தை மேலே கொண்டுபோகும் பெரிய குழாயை அழுத்துகிறது. மேலே ஏற முடியாமல் தேங்கும் நீர் கணுக்காலைச் சுற்றி இறங்கிவிடுகிறது. வெயில் காலத்தில் இன்னும் மோசம். அந்தக் குழாய் முதுகெலும்புக்கு வலது பக்கம் ஓடுகிறது, இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்வது அதனால்தான். மல்லாந்து படுத்துக் காலைத் தூக்கி வைக்காதீர்கள். இடது பக்கம் படுத்து, இரண்டு காலுக்கும் அடியில் தலையணை கொடுங்கள், அல்லது சாய்ந்து உட்கார்ந்து காலை எதிர் நாற்காலியில் நீட்டுங்கள். நாளைக்கு மூன்று நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் இருபது நிமிடம் போதும்.

உட்கார்ந்திருக்கும்போது தையல் மெஷின் மிதிப்பது போலப் பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருங்கள், மணிக்கு ஒரு தடவை முப்பது முறை. சும்மா ஆட்டுவது போலத்தான் தெரியும், ஆனால் ஆடுசதை சுருங்கி விரியும்போது தேங்கின ரத்தத்தை மேலே தள்ளும் பம்பு அதுதான். வேலை இல்லாமல் ஒரே இடத்தில் நிற்பதைவிட நடப்பது எவ்வளவோ மேல். ஜவுளிக்கடை மாதிரி நாள் முழுக்க நிற்கிற வேலையா? கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது, கூச்சப்படாமல் ஸ்டூல் கேளுங்கள்.

அழுத்தமான ஸ்டாக்கிங்ஸ் டாக்டர் எழுதிக் கொடுத்தால், காலையில் கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்பே மாட்டிக்கொள்ள வேண்டும். வீங்கின பிறகு இழுத்து மாட்டுவது பெரும்பாடு, பலனும் குறைவு. கணுக்காலில் வரி விழுகிற அளவு இறுக்கமான சாக்ஸ் வேண்டாம். செருப்பு வாங்குவதாக இருந்தால் சாயங்காலம் போய் வாங்குங்கள், காலையில் வாங்கினது மாலையில் நுழையாது. ராத்திரி பக்கெட்டில் சாதாரணத் தண்ணீர் நிரப்பிக் காலை வைத்துப் பாருங்கள், அத்தனை சுகம்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். "நீர் கோத்திருக்கு, தண்ணியைக் குறை" என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள், நாளைக்கு எட்டுப் பத்து டம்ளர் குடிக்கத்தான் வேண்டும். உப்பை அடியோடு நிறுத்தவும் வேண்டாம், அப்பளம், ஊறுகாய், கருவாடு, பாக்கெட் சிப்ஸைக் குறைத்தாலே நிறைய குறையும். பார்லி கஞ்சி குடிக்கலாம், அதை மருந்து என்று நம்பிவிடாதீர்கள். மூக்கிரட்டைக் கஷாயம், நீர் பிரிக்கிற மாத்திரை இதெல்லாம் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். மாலையில் வீங்கி, ராத்திரி தூங்கி எழுந்ததும் வற்றுகிற வீக்கம் பெரும்பாலும் சாதாரணமானது. காலையிலும் வற்றாமல் இருந்தாலோ, முகமும் கையும் திடீரென்று உப்பினாலோ, விடாத தலைவலி, கண் மங்கல், கண்ணில் பூச்சி பறப்பது, மேல் வயிற்றில் வலி என்று எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அடுத்த செக்கப் வரை காத்திருக்காதீர்கள். 20 வாரத்துக்குப் பிறகு பிரஷர் 140/90-ஐத் தொட்டால், யூரினில் புரதமும் போகிறதா என்று பார்ப்பார்கள். அது தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்தான நிலையாக இருக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கி, ஆடுசதை சிவந்து, தொட்டால் சூடாக வலித்தால் ரத்தக்கட்டி இருக்கலாம். அந்தக் காலை யாரையும் பிடித்துவிடச் சொல்லாதீர்கள், நேராக டாக்டரிடம் போங்கள். மூச்சு வாங்கினாலோ வலிப்பு வந்தாலோ யோசிக்காமல் 108.

அப்புறம், பிரசவம் ஆன மறுநாளே கால் பழையபடி ஆகிவிடாது. முதல் சில நாட்கள் கூடக் கூட செய்யும், சலைன் ஏற்றியிருந்தால் இன்னும் கொஞ்சம் அதிகமாக, பிறகு ஒன்றிரண்டு வாரத்தில் வடியும். ஆனால் மேலே சொன்ன தலைவலியும் கண் மங்கலும் குழந்தை பிறந்து ஆறு வாரம் வரைகூட வரலாம். அப்போதும் அதே அவசரம்தான், தூக்கம் கெட்டதால் வந்த தலைவலி என்று மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிடாதீர்கள்.