கறிவேப்பிலைத் தொட்டியில் பட்டாம்பூச்சி வளர்க்க

வீட்டில் கறிவேப்பிலையோ எலுமிச்சையோ இருந்தால் முட்டை தேடி அலைய வேண்டாம், கொழுந்து விடுகிற நேரத்தில் எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி என்ற பட்டாம்பூச்சிகள் தாமாகவே வந்து இட்டுவிட்டுப் போகும். தளிரில் தனித்தனியாக ஒட்டியிருக்கும் வெளிர்மஞ்சள் உருண்டை, கடுகைவிடச் சிறியது. அதைச் சுரண்டி எடுக்காதீர்கள், இலையோடு கிள்ளுங்கள். காட்டுப் பக்கம் போய் எதையும் எடுக்க வேண்டாம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் பட்டாம்பூச்சிகளும் உண்டு.

எத்தனை முட்டை எடுப்பது? செடியில் எவ்வளவு இலை இருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். முதல் நாட்களில் புழு தின்பது கண்ணுக்கே தெரியாது, ஆனால் கடைசியான ஐந்தாம் பருவத்தில் (ஒவ்வொரு முறை தோல் உரித்ததும் அடுத்த பருவம்) பச்சை நிறத்துக்கு மாறியதும் கிளை கிளையாக மொட்டையடிக்கும், அப்போது இலை தீர்ந்துபோய் கடைக் கறிவேப்பிலையைப் போட்டால் அதில் அடித்த பூச்சிமருந்திலேயே புழு செத்துவிடும். நர்சரியில் புதிதாக வாங்கிய செடியையும் நம்பாதீர்கள். தொடங்கிய செடியின் இலையையே கடைசிவரை கொடுங்கள். என்னைக் கேட்டால் சின்னச் செடிக்கு இரண்டு மூன்று போதும்.

இருப்பதில் சுலபமான வழி, தொட்டிச் செடியை அப்படியே கொசுவலையால் மூடிக் கட்டிவிடுவது. எறும்பு ஏறாமலிருக்க தொட்டிக்கு அடியில் தண்ணீர்த் தட்டு. டப்பாவில்தான் வளர்ப்பேன் என்றால் அடியில் டிஷ்யூ, மேலே வலைத்துணி, வெயில் படாத இடம். இலைக்கொத்தைத் தண்ணீர் பாட்டிலில் செருகி வைத்தால் வாடாது, ஆனால் பாட்டில் வாயைப் பஞ்சால் அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் புழு உள்ளே இறங்கி மூழ்கும். புழுக்கையைத் தினமும் கொட்டுங்கள். ஈரமும் புழுக்கையும் சேர்ந்தால் பூஞ்சை பிடிக்கும், நோய் வரும். ஒரு புழு கருத்துத் தொளதொளவென்று தொங்கினால் உடனே அதை அப்புறப்படுத்திவிட்டு டப்பாவை சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பொரித்ததும் புழு முதலில் தின்பது தன் முட்டை ஓட்டைத்தான், பிறகுதான் இலை. நாலு பருவம் வரை பறவை எச்சம் மாதிரியே இருக்கும், அதுதான் அதற்குப் பாதுகாப்பு. நடுநடுவே ஒருநாள் முழுக்க அசையாமல், தின்னாமல் கிடக்கும். தோல் உரிக்கப் போகிறது, தொடாதீர்கள். தொட்டுச் சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டையாக ஒரு கொம்பு நீட்டி நாற்றமடிக்கும், கடிக்காது.

வளர்ந்த புழு திடீரென்று நீர்த்த மாதிரி கழிந்துவிட்டு வலைக்குள் அங்குமிங்கும் ஓடினால் கூடு கட்ட இடம் தேடுகிறது என்று அர்த்தம். குச்சி ஒன்று சாய்த்து வையுங்கள். வாலை ஒட்டி, இடுப்பைச் சுற்றிப் பட்டு நூல் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும், இருக்கும் இடத்தைப் பொறுத்துப் பச்சையோ பழுப்போ.

சில கூட்டிலிருந்து பட்டாம்பூச்சிக்குப் பதிலாக ஈயோ பொடிக் குளவிகளோ வரும். வெளியே இருக்கும்போதே ஒட்டுண்ணி முட்டையிட்டுவிட்ட புழு அது. பெரிய புழுவாகப் பிடிக்காமல் முட்டையாகவே எடுக்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

கூடு கருத்து உள்ளே சிறகின் கோலம் தெரிந்தால் பெரும்பாலும் மறுநாள் காலை வெளிவரும். பிய்த்து உதவி செய்யப் போகாதீர்கள். சிறகு கீழ்நோக்கித் தொங்கி விரிய இடம் வேண்டும், நெருக்கடி இருந்தால் மடங்கியபடியே காய்ந்துவிடும், பிறகு பறக்காது. கூடவே சொட்டும் கலங்கலான நீர் ரத்தமில்லை, கூட்டுக்குள் சேர்ந்த கழிவு. கறிவேப்பிலை அழகியின் பெண் சிலது ரோஜா அழகி என்ற வேறொரு பட்டாம்பூச்சியின் வேஷத்தில் வரும், பூச்சி மாறிவிட்டதோ என்று குழம்ப வேண்டாம்.

சில மணி நேரத்தில் சிறகு விறைத்ததும் வலையைத் திறந்துவிடுங்கள். மழையாக இருந்தால் ஒருநாள் வைத்திருக்கலாம், சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பஞ்சு ஒன்று போதும்.