சினார் சிவக்கும் நேரத்தில் நிஷாத் பாக்: முதல்முறை போகிறவர்களுக்கு

நம் பக்கத்தில் இலையின் நிறம் மாறிப் பார்ப்பதென்றால் வாதாங்கொட்டை மரத்தோடு சரி. அது பத்து இலை சிவக்கும், உதிரும், வாசல் பெருக்க வேண்டும். ஸ்ரீநகரில் சினார் என்னும் பெரிய மரங்களால் ஒரு தோட்டம் முழுக்க அப்படிச் சிவப்பதைப் பார்க்க ஆசையா? இப்படிச் செய்யுங்கள்.

1. தேதி. அக்டோபர் கடைசி வாரத்திலிருந்து நவம்பர் இரண்டாம் வாரத்துக்குள் போங்கள். காஷ்மீரிகள் இந்தப் பருவத்தை ஹருத் என்கிறார்கள். அக்டோபர் தொடக்கத்தில் சினார் பச்சையாகவே நிற்கும். நவம்பர் பாதி தாண்டினால், காற்றோடு ஒரு மழை போதும், மொட்டையாகிவிடும்.

2. ஒரே தோட்டம். ஷாலிமார், நிஷாத், சஷ்மே ஷாஹி மூன்றையும் அரைநாளில் சுற்றிக்காட்டுவதாக டாக்ஸிக்காரர் சொல்வார். வேண்டாம். என் தேர்வு நிஷாத். மொகலாய அரசி நூர்ஜஹானின் அண்ணன் ஆசப் கான் 1633இல் அமைத்தது. பன்னிரண்டு அடுக்குகள், நடுவே இறங்கிவரும் வாய்க்கால், முதுகுப்பக்கம் ஜபர்வான் மலை, எதிரே தால் ஏரி.

3. நேரம். இதில்தான் நான் கோட்டைவிட்டேன். கூட்டம் இருக்காதே என்று காலையிலேயே போய் நின்றேன். மலை கிழக்கே இருக்கிறது. அதன் நிழலில் தோட்டமே மங்கிக் கிடந்தது, இலையெல்லாம் துருப்பிடித்த தகரம் மாதிரி. அதே மரத்தடிக்கு மதியம் மூன்றரைக்குத் திரும்பி வந்தால் மரமே ஆள் மாறியிருந்தது. மேல் அடுக்குக்கு ஏறி ஏரியைப் பார்த்து நில்லுங்கள். சாயும் வெயில் இலைக்குப் பின்னாலிருந்து வரும். ஒவ்வொரு இலையும் உள்ளே விளக்கேற்றியதுபோல் இருக்கும். படம் எடுப்பவர்கள் சூரியனை அடிமரத்தின் பின்னால் மறைத்துக்கொள்ளுங்கள். நவம்பரில் ஐந்தே முக்காலுக்குள் சூரியன் இறங்கிவிடும், தாமதிக்காதீர்கள்.

4. ஒரு இலை. கிளையிலிருந்து பறிக்காமல், கீழே கிடப்பதை எடுங்கள். விரல் விரித்த கைபோல் இருக்கும். நரம்போரம் மட்டும் பச்சை மிச்சமிருந்தால் நல்ல இலை. பகல் குறுகி இரவு குளிரும்போது பச்சையம் சிதைகிறது. அதுவரை அடியில் ஒளிந்திருந்த மஞ்சள் தெரிகிறது. சிவப்பு அப்படியல்ல, இலையில் தேங்கிய சர்க்கரையிலிருந்து புதிதாக உண்டாவது. சரி, இப்போது காம்பின் அடியைத் திருப்பிப் பாருங்கள். குல்லாய் மாதிரி குழிந்திருக்கிறதா? அடுத்த வசந்தத்தின் மொட்டு அதற்குள்தான் மூடியிருந்தது. எனக்கு மொத்தத் தோட்டத்தையும்விட இதுதான் பிடித்தது.

5. குளிர். வெயில் போனதும் சட்டென்று இறங்கும். ஸ்வெட்டர் கட்டாயம். அப்புறம் ஒரு கப் கஹ்வா, அதாவது காஷ்மீரி டீ. குங்குமப்பூ போட்டது கிடைத்தால் விடாதீர்கள், பாம்பூர் வயல்களில் குங்குமப்பூ பறிப்பதும் இதே நாட்களில்தான்.

திரும்பும் வழியில் சினார் சருகை மூட்டையாகக் கட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கலாம். அதை எரித்துக் கரியாக்கி, குளிர்காலத்தில் காங்கிரி என்னும் கணப்புச் சட்டியில் போட்டு, பிரன் என்னும் தொளதொள அங்கிக்குள் வைத்துக்கொள்வார்கள்.