நகராட்சியில் எஸ்டாபிளிஷ்மென்ட் பார்ப்பவர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரிய தனியார் கம்பெனிகளில் எச்.ஆர். டைரக்டர் என்று ஒருவர் இருப்பார். தமிழ்நாட்டு நகராட்சிகளில் அந்தப் பெயரில் பதவி கிடையாது. ஊழியர்களின் பணி விவகாரங்களைப் பார்க்கும் அந்த வேலைக்கு இங்கே எஸ்டாபிளிஷ்மென்ட் என்று பெயர். அதிகாரம் ஆணையரிடம், பொறுப்பு மேலாளரிடம், வேலை பிரிவு எழுத்தரிடம் என்று அது பிரிந்து கிடக்கிறது. அந்த மேலாளர் நாற்காலிக்குப் புதிதாக வருபவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

ரோடு போட்டதில் குளறுபடி என்றால் அடுத்த மழையிலேயே தெரிந்துவிடும். எஸ்டாபிளிஷ்மென்டில் விட்ட பிழை அப்படி உடனே வெளியே வராது. எழுதியவர் ஓய்வு பெற்று, கையெழுத்துப் போட்டவர் வேறு ஊருக்கு மாறிப் போன பிறகு, சம்பந்தப்பட்ட ஊழியர் பென்ஷனுக்கு விண்ணப்பிக்கும் நாளில்தான் அது எழுந்து நிற்கும். கீழே சொல்லும் தவறுகள் பெரும்பாலும் இந்த வகைதான்.

முதலில் பணிப்பதிவேடு, அதாவது ஊழியரின் பணி விவரம் மொத்தமும் எழுதப்படும் எஸ்.ஆர். இதைக் கிளார்க் வேலை என்று நினைத்து எழுத்தரிடமே விட்டுவிடுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. ஒரு தூய்மைப் பணியாளரின் எஸ்.ஆரைக் கையில் எடுத்துப் பாருங்கள். முதல் பக்கத்தில் பெயர் மாரி. ஆதாரில் மாரியம்மாள். வங்கிக் கணக்கில் கணவர் பெயரோடு சேர்த்து இன்னொன்று. பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் மருத்துவர் மதிப்பிட்ட வயதை வைத்துப் பிறந்த தேதி போட்டிருப்பார்கள். உள்ளே புரட்டினால் 'இத்தேதி முதல் இத்தேதி வரை பணி சரிபார்க்கப்பட்டது' என்ற வருடாந்தரப் பதிவு சில வருடங்களுக்கு இருக்கும், சில வருடங்களுக்கு இருக்காது. இருக்கும் இடத்திலும் மேலொப்பம் (அதிகாரியின் சான்றுக் கையெழுத்து) விட்டுப்போயிருக்கும். பக்கத்து நகராட்சிக்கு மாறுதலில் போய் வந்த காலம் மொத்தமும் வெள்ளையாக இருக்கும். நகராட்சி ஊழியரின் பென்ஷன் கருத்துரு (முன்மொழிவு) உள்ளாட்சி நிதித் தணிக்கைக்குப் போகும்போது இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பாணை திரும்பி வரும். அறுபது வயதில் அந்த அம்மா பழைய நகராட்சிக்குப் பேருந்து ஏறி, யாருக்கும் நினைவில்லாத வருகைப் பதிவேட்டைத் தேட வேண்டும்.

பிறந்த தேதியைத் திருத்தக் கேட்க, பணியில் சேர்ந்து 5 ஆண்டுதான் அவகாசம். படிக்கத் தெரியாத ஊழியருக்கு அந்த 5 ஆண்டுக்குள் பதிவேட்டில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. ஆகவே ஆண்டுக்கு ஒரு முறை கூப்பிட்டு உட்கார வைத்து, பெயர், பிறந்த தேதி, நாமினி (பணம் பெற வேண்டியவர்) பெயர், விடுப்புக் கணக்கு நான்கையும் வாய்விட்டுப் படித்துக் காட்டிக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள். ஏப்ரல் மாதம் இதற்கு வசதி. 1.4.2003 அன்றோ அதற்குப் பிறகோ பணிக்கு வந்தவர்கள் பழைய ஓய்வூதியத்தில் இல்லை, பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துக்குப் போனவர்கள். தினக்கூலியாக இருந்து காலமுறை ஊதியத்துக்கு (நிரந்தர ஊழியருக்கான மாதச் சம்பளத்துக்கு) வந்தவரின் பதிவேட்டில் எந்தத் தேதியை எழுதுகிறீர்கள் என்பதற்கு எவ்வளவு கனம் உண்டு என்று இதிலிருந்தே தெரியும்.

அடுத்தது அதிகப்படி ஊதியம். யாரோ எப்போதோ இன்கிரிமென்டைத் தவறான தேதியில் போட்டுவிடுகிறார்கள். பத்து வருடம் கழித்து ஆடிட் தடை (ஆட்சேபம்) எழுதுகிறது. உடனே எழுத்தர், 'மேற்படி தொகையை ஒரே தவணையில் பிடித்தம் செய்யலாம்' என்று வரைவு வைக்கிறார், மேலாளரும் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். இந்த இடத்தில் நிதானம் வேண்டும். பஞ்சாப் அரசு எதிர் ரபீக் மசி வழக்கில் 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பிடித்தம் கூடாத சூழல்களை வரிசைப்படுத்தியது: சி, டி பிரிவு (கீழ்நிலை) ஊழியர்கள், ஓய்வு பெற்றவர்கள் அல்லது ஓராண்டுக்குள் ஓய்வு பெறப்போகிறவர்கள், 5 ஆண்டுக்கு மேல் அதிகப்படியாகக் கொடுக்கப்பட்டுவந்த தொகை, தவறாக மேல்நிலை வேலை வாங்கப்பட்டு அதற்கேற்ற சம்பளம் பெற்றவர்கள், பிடித்தால் அநியாயமாகப் போகும் மற்றவை. தவறான சம்பளத்தை இனிமேலுக்குச் சரிசெய்ய இந்தத் தீர்ப்பு தடையில்லை. ஏமாற்றி வாங்கியவருக்கு இது கவசமும் இல்லை. அதிகம் வந்தால் திருப்பித் தருவேன் என்று எழுதிக் கொடுத்த அதிகாரியிடம் பிடிக்கலாம் என்று 2016-இல் ஜக்தேவ் சிங் வழக்கில் இன்னொரு தீர்ப்பும் உண்டு. எது எப்படியானாலும் விளக்கம் கேட்டு நோட்டீஸ் தராமல் பிடித்தம் போடாதீர்கள். நகராட்சி தோற்கும் வழக்குகளில் பாதி, சட்டத்தில் தோற்பதற்கு முன்பே இந்த ஒரு நோட்டீஸ் இல்லாததால் தோற்கின்றன என்பது என் கணிப்பு.

ஒழுங்கு நடவடிக்கையில் அவசரமும் சோம்பலும் தலைகீழாக அமைந்துவிடுகின்றன. செய்தி பத்திரிகையில் வந்த மாலையே சஸ்பெண்ட், குற்றச்சாட்டுக் குறிப்பாணைக்கோ எட்டு மாதம். அஜய் குமார் சௌத்ரி வழக்கில் 2015-இல் உச்ச நீதிமன்றம், 3 மாதத்துக்குள் குற்றச்சாட்டு வழங்காவிட்டால் இடைநீக்கம் அதைத் தாண்டி நீளக் கூடாது என்றது. வழங்கியிருந்தால்கூட, நீட்டிப்பதற்குக் காரணம் சொல்லி உத்தரவு போட வேண்டும். பிழைப்பூதியத்தை (இடைநீக்கக் காலத்தில் தர வேண்டிய தொகையை) நிறுத்தி வைத்துவிட்டு விசாரணைக்கு வரவில்லை என்று ஒருதலையாக முடிப்பது இன்னொரு பிழை. பால் அந்தோணி வழக்கில் 1999-லேயே அது அடிபட்டுப் போனது. குறிப்பாணையின் வாசகத்தையும் பாருங்கள். 'பணியில் ஒழுங்கீனமாக நடந்துகொண்டார்' என்பது குற்றச்சாட்டு ஆகாது. எந்த நாள், எந்த வார்டு, என்ன செய்தார், யார் பார்த்தார் என்பது வேண்டும். விசாரணை அறிக்கையின் நகலைக் கொடுத்துப் பதில் வாங்காமல் தண்டனைக்குப் போகாதீர்கள். இதற்கு 1993-ஆம் ஆண்டின் கருணாகர் தீர்ப்பு இருக்கிறது.

இனி, நகரத்தைத் தினமும் பெருக்குகிறவர்கள். இன்று பல ஊர்களில் அவர்களில் பெரும்பகுதி ஒப்பந்தக்காரரின் ஆட்கள். 'அவங்க நம்ம ஸ்டாஃப் இல்லை' என்று சொல்லி ஒதுங்குவதுதான் இந்தப் பிரிவில் நான் பார்க்கும் மிகப் பெரிய தவறு. ஒப்பந்தக்காரர் பி.எஃப். கட்டாவிட்டால் முதன்மை வேலையளிப்பவர் என்ற முறையில் கேள்வி நகராட்சியைத் தேடித்தான் வரும். பி.எஃப்.புக்குத் தொழிலாளி பங்கு 12 சதவீதம், வேலையளிப்பவர் பங்கு 12 சதவீதம். தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.க்கு, அதே வரிசையில், 0.75 சதவீதமும் 3.25 சதவீதமும். இந்தக் கணக்கைப் பில் பாஸ் பண்ணும் மேஜையில் யாராவது போட்டுப் பார்க்கிறார்களா? பணம் கட்டிய செலான் மட்டும் இருந்தால் போதாது, பெயர்ப் பட்டியலோடு இருக்க வேண்டும். அதை வார்டு வருகைப் பதிவோடு ஒப்பிட்டால், நூறு பேருக்கு வேலை வாங்கி எழுபது பேருக்கு மட்டும் கட்டியிருப்பது அந்த மேஜையிலேயே தெரிந்துவிடும். ஒப்பந்தக்காரர் மாறும்போது ஒரே ஆளுக்குப் புதிதாக இன்னொரு யு.ஏ.என். (பி.எஃப். கணக்கு) எண் போடுகிறார்கள், பழைய கணக்கு அநாதையாகிறது. புது ஒப்பந்தத்திலேயே பழைய எண்ணைத் தொடர வேண்டும் என்று நிபந்தனை வையுங்கள்.

பாதாளச் சாக்கடைக்குள் பாதுகாப்பு ஏற்பாடின்றி ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. இறந்தால் இழப்பீடு 30 லட்சம் ரூபாய் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உயர்த்தியது. இறக்கியது சப்-கான்ட்ராக்டர் என்ற பதில் அங்கே எடுபடாது.

நிரந்தரம் ஆக்குகிறேன் என்று வாயால் வாக்குக் கொடுக்காதீர்கள். முறையான தேர்வு இல்லாமல் வந்தவருக்கு நிரந்தரம் கேட்க உரிமை இல்லை என்று 2006-இல் உமாதேவி தீர்ப்பு சொல்லிவிட்டது. அதைச் சாக்காக வைத்து வருகையில் செயற்கையாக இடைவெளி காட்டுவதும் கூடாது. 24 மாதத்தில் 480 நாள் என்ற தமிழ்நாட்டின் 1981-ஆம் ஆண்டுச் சட்டத்தை வைத்து வழக்குப் போடுபவர்கள் முதலில் கேட்பது அந்த வருகைப் பதிவேட்டைத்தான்.

இனச்சுழற்சியில், அதாவது எந்த இடம் எந்த இடஒதுக்கீட்டுப் பிரிவுக்கு என்ற வரிசையில், ஒன்றே ஒன்று: ஒவ்வொரு நியமனத்துக்கும் முதல் புள்ளியிலிருந்து தொடங்காதீர்கள். 200 புள்ளிப் பட்டியலில் போன முறை நின்ற இடத்திலிருந்துதான் போக வேண்டும்.

கோப்பில் 'பேசுக' என்று மேலதிகாரி எழுதுவார். போய்ப் பேசிவிட்டு வந்து அப்படியே விட்டுவிடுவோம். பின்னால் கேள்வி வரும்போது கோப்பில் உங்கள் கையெழுத்து மட்டும்தான் இருக்கும். 'பேசினேன், இவ்வாறு அறிவுறுத்தப்பட்டது' என்று இரண்டு வரி எழுதி மீண்டும் சமர்ப்பியுங்கள். கவுன்சிலர் போனில் சொன்ன இடமாறுதலுக்கும் இதே வழிதான். வாய்மொழி உத்தரவில் அதிகாரிகள் இயங்கக் கூடாது என்று 2013-இல் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. கேட்பவரிடம் அதைச் சாந்தமாக எடுத்துச் சொல்லலாம், பலமுறை அதோடு பேச்சு முடிந்துவிடும்.

கடைசியாகக் கருணை வேலை. பணியில் இறந்தவரின் மனைவி பதினாறாம் நாள் காரியம் முடித்து வந்து நிற்பார். 'வாரிசுச் சான்று வாங்கிட்டு வாங்கம்மா' என்று அனுப்பிவிடுகிறோம். வாரிசுச் சான்று தாலுகா ஆபீசில் இழுக்கும், பையனுக்கு வயது வரட்டும் என்று குடும்பம் காத்திருக்கும். இறந்த நாளிலிருந்து 3 ஆண்டு என்ற கெடு அவர்களுக்கு யாரும் சொல்லாமலே ஓடிக்கொண்டிருக்கும். எந்தச் சான்று குறைந்தாலும் மனுவை அன்றே வாங்குங்கள். தேதி முத்திரையோடு நகலில் ஒப்புதல் கொடுங்கள். குறையும் சான்றுகளையும் கெடு முடியும் தேதியையும் அந்த நகலிலேயே தமிழில் எழுதிக் கொடுங்கள்.