கம்பிக்கு இந்தப் பக்கம் நாம் செய்யும் தவறுகள்

காணும் பொங்கல் வந்தால் வேலூரிலிருந்து அமிர்தி செல்லும் சாலையில் காலையிலிருந்தே வண்டிகள் வரிசைகட்டத் தொடங்கிவிடும். ஜவ்வாதுமலை அடிவாரக் காட்டில், நகரிலிருந்து சுமார் 25 கி.மீ. தொலைவில், 1967-இல் தொடங்கப்பட்ட அந்தச் சிறிய உயிரியல் பூங்காவில்தான் வடாற்காட்டுக் குழந்தைகள் பலர் புள்ளிமானையும் முதலையையும் முதன்முதலாக நேரில் பார்த்திருக்கிறார்கள். கட்டுச்சோறு, ஓடைக் குளியல், மான் கூட்டம் என்று அந்த ஒரு நாள் வருடம் முழுவதும் பேசப்படும். அதை யாரும் இழக்க வேண்டியதில்லை. ஆனால் விலங்கைப் பார்க்கப் போகிற நாம், அங்கே போய்ச் சேர்ந்த பிறகு, அது நம்மைப் பார்க்க வேண்டும், எழுந்து நடக்க வேண்டும், கையிலிருப்பதை வாங்கித் தின்ன வேண்டும் என்று எதிர்பார்க்கத் தொடங்கிவிடுகிறோம். பூங்காக்களில் நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை இந்த எதிர்பார்ப்பில் பிறந்தவையே.

அவற்றில் முதலாவது தீனி கொடுப்பது. ஒரு பூங்காவில் மான் அடைப்பின் ஓரமாக நின்றிருந்தபோது, தம் குழந்தையைத் தோளில் வைத்திருந்த ஒருவர் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்துக் கம்பிவலையின் இடுக்கில் நீட்டினார். பெண்மான் ஒன்று தயங்கித் தயங்கி வந்து, இரண்டு சிப்ஸைத் தின்றுவிட்டு, பாக்கெட்டின் ஓரத்தைப் பல்லால் கவ்வி இழுத்தது. குழந்தை கைதட்டியது. அப்போது ஓடிவந்த பராமரிப்பாளர், "சார், அது உப்புக்காகக் கவரையும் சேர்த்து இழுக்குது, தயவுசெஞ்சு குடுக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே அதைப் பறித்தார். கையில் வந்தது முக்கால் பாக்கெட்தான்; கிழிந்துபோன மூலை மானின் வாய்க்குள் போய்விட்டது.

அந்தச் சிறு துண்டு என்ன ஆகும் என்பதைத் தெரிந்துகொண்டால் யாருக்கும் மறுபடி கை நீளாது. மாட்டையும் ஆட்டையும்போல மானும் அசைபோடும் விலங்கு. அதன் வயிறு நான்கு அறைகள் கொண்டது. முதல் அறையில் வாழும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள்தாம் புல்லையும் தழையையும் நொதிக்கவைத்து அதற்குச் சத்தாக மாற்றித் தருகின்றன. பிளாஸ்டிக் அங்கே செரிப்பதுமில்லை, எளிதில் வெளியேறுவதுமில்லை. துண்டு துண்டாகச் சேர்ந்து, நார்களோடு முறுக்கிக்கொண்டு, பந்தைப்போல் உருண்டு அறையை அடைத்துவிடும். வயிறு நிறைந்திருப்பதுபோல் தோன்றுவதால் விலங்கு தீனியைக் குறைத்து, மெலிந்து, கடைசியில் பட்டினியால் சாகும். வேலூர்த் தெருக்களில் திரியும் மாடுகளுக்கு நேர்வதும் இதுவே. பிளாஸ்டிக் இல்லாமல் வெறும் சோறு, பிரெட், பிஸ்கட் கொடுத்தால் தீங்கில்லை என்று நினைப்பவர்களும் உண்டு. மாவுப்பொருள் அதிகமாகப் போகும்போது அதே வயிற்றறையில் நொதித்தல் கட்டுமீறி அமிலம் பெருகுகிறது, நல்ல நுண்ணுயிர்கள் மடிகின்றன, விலங்கு வயிறு உப்பிப் படுத்துவிடுகிறது. ஒருவர் கொடுத்தது ஒரு பிஸ்கட்தான் என்றாலும், விடுமுறை நாளில் அந்தக் கம்பியோரம் வந்துபோகும் நூற்றுக்கணக்கானவர்களும் அப்படியே நினைத்துக் கொடுத்தால் மானின் வயிற்றில் சேர்வது எவ்வளவு என்று கணக்குப் பார்க்க வேண்டும்.

பூங்காவில் ஒவ்வொரு விலங்குக்கும் அதன் எடைக்கும் வயதுக்கும் ஏற்ப அளந்துதான் தீனி வைக்கிறார்கள். புலி, சிங்கம் போன்றவற்றுக்கு வாரத்தில் ஒருநாள் இறைச்சி வைக்காமல் விடும் வழக்கம்கூட உண்டு. அன்று கூண்டில் இறைச்சி இல்லாதிருப்பதைப் பார்த்துவிட்டு, பாவம், பட்டினி போடுகிறார்கள் என்று யாரும் வருந்த வேண்டியதில்லை. விலங்குக்கு உணவு தர வேண்டும் என்ற ஆசை உண்மையாகவே மனத்தில் இருந்தால், வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் உள்ளதுபோன்ற விலங்கு தத்தெடுப்புத் திட்டத்தில் பணம் செலுத்தலாம். அந்தப் பணம் சரியான தீனியாக மாறி, சரியான நேரத்தில் அதன் முன்னால் போய்ச் சேரும்.

இரண்டாவது, தூங்கும் விலங்கை எழுப்புவது. வேலூர் வெயில் எப்படிப்பட்டது என்பது நமக்குத் தெரியும். கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும்போது நாமே திண்ணையை விட்டு நகர்வதில்லை. அந்த நேரத்தில் நரியும் முள்ளம்பன்றியும் நடமாட வேண்டும் என்று கேட்பது நியாயமில்லை. முள்ளம்பன்றி இரவில் இரை தேடும் உயிர், பகல் அதற்குத் தூங்கும் நேரம். ஆனால் பகல் முழுவதும் கூண்டைத் தட்டுவதும் விசிலடிப்பதும் ஓயாமல் நடக்கின்றன. கரையில் வாயைப் பிளந்தபடி அசையாமல் கிடக்கும் முதலையைப் பார்த்து, உயிரோடிருக்கிறதா பொம்மையா என்று கல்லெறிந்து சோதிக்கிறார்கள். வாயைத் திறந்துவைப்பது உடற்சூட்டைத் தணித்துக்கொள்ள முதலை கையாளும் வழி. அசையாமல் கிடப்பதே அதன் இயல்பு. நீரில் எறியும் நாணயத்தையும் கல்லையும் அது விழுங்கிவிடக்கூடும் என்பதை எறிகிறவர் நினைப்பதில்லை. பாம்புக்கு வெளிக்காது இல்லை, அதனால் கண்ணாடியைத் தட்டினால் ஒன்றும் ஆகாது என்பதும் தவறான எண்ணம். அதிர்வைத் தன் உடல் முழுவதாலும் தாடை எலும்பாலும் உணரும் உயிருக்கு அந்தத் தட்டல் நமக்குக் கேட்பதைவிடக் கடுமையானது.

இதில் எனக்கு மிகவும் வேதனை தருவது மான்களைத் துரத்துவது. அடைப்பை ஒட்டி ஓடிக்கொண்டே கத்தினால் கூட்டம் முழுவதும் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் பாயும். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. சூரிக்கில் உயிரியல் பூங்காவை நிர்வகித்த ஹைனி ஹெடிகர் என்ற விலங்கியலாளர், ஒவ்வொரு விலங்குக்கும் 'தப்பியோடும் தூரம்' ஒன்று உண்டு என்று விளக்கினார். அந்த எல்லைக்குள் அச்சம் தரும் ஒன்று நுழைந்தால் விலங்கு விலகி ஓடியே ஆக வேண்டும். காட்டில் அது ஓடி மறைந்துவிடும். அடைப்புக்குள் ஓட இடமில்லை, நாமோ எல்லைக்குள்ளேயே நின்றுகொண்டிருக்கிறோம். மிரண்டு பாயும் மான் வேலியில் மோதிக் கழுத்தை முறித்துக்கொள்ளலாம். மோதாவிட்டாலும், மிதமிஞ்சிய அச்சமும் ஓட்டமும் தசைகளைச் சிதைத்து, அந்தச் சிதைவின் நஞ்சு சிறுநீரகத்தையும் இதயத்தையும் தாக்க, சில மணி நேரமோ சில நாட்களோ கழித்து அது இறந்துபோகலாம். கத்திய பிள்ளை அதற்குள் வீட்டில் பொங்கல் கரும்பைக் கடித்துக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் உள்ள தொடர்பு யாருக்கும் தெரியப்போவதில்லை.

மூன்றாவது, தடுப்பைப் பற்றிய அலட்சியம். பெரும்பாலான கூண்டுகளுக்கு முன்னால் இடுப்பளவு உயரத்தில் ஒரு கம்பித் தடுப்பும், சற்றுத் தள்ளி உண்மையான வலையும் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். முன்னால் உள்ள தடுப்பு சாய்ந்துகொள்ளவோ உட்காரவோ போட்டதன்று. உள்ளிருந்து நீளும் பாதமும் வெளியிலிருந்து நீளும் கையும் ஒன்றையொன்று தொடக்கூடாது என்பதற்காக விடப்பட்ட இடைவெளிதான் அது. சிறுத்தையின் முன்னங்கால் வலை இடுக்கின் வழியாக நாம் நினைப்பதைவிட நெடுந்தூரம் வரும், கண்ணிமைக்கும் நேரத்தில் வரும். நாம் முன்சாய்ந்து, கைப்பேசியை நீட்டிப் படமெடுக்கும்போது அந்த இடைவெளியை நாமே அழித்துவிடுகிறோம்.

அகழி வைத்த அடைப்புகளில் ஆபத்து வேறு வகையானது. பார்வையாளர் நிற்கும் பக்கத்துச் சுவர் செங்குத்தாகவும், விலங்கின் பக்கம் பெரும்பாலும் சரிவாகவும் இருக்கும். அதாவது உள்ளே விழுந்தவர் ஏறி வர முடியாது, ஆனால் விலங்கு நிதானமாக நடந்து இறங்கி வர முடியும். குழந்தைக்கு நன்றாகத் தெரியட்டும் என்று சுவர்மேல் உட்காரவைப்பவர்கள் ஒருமுறை எட்டிப் பார்த்து அந்தச் சரிவைக் கவனிக்க வேண்டும். தோளில் தூக்கிக்கொள்ளுங்கள், ஆனால் சுவரிலிருந்து இரண்டடி பின்னால் நில்லுங்கள். செருப்போ கைப்பேசியோ விழுந்துவிட்டால் குச்சியை விட்டுத் துழாவாமல் பராமரிப்பாளரைக் கூப்பிடுங்கள். விலங்கைக் கொட்டடிக்குள் அடைத்தபின் அவர்கள் எடுத்துத் தருவார்கள்.

நம் பக்கத்து ஊரான திருப்பதியில், 2024 பிப்ரவரியில், உயிரியல் பூங்காவின் சிங்க அடைப்புக்குள் தடுப்பைத் தாண்டி இறங்கிய ஒருவரைச் சிங்கம் கொன்றது. 2014 செப்டம்பரில் டெல்லி உயிரியல் பூங்காவில் வெள்ளைப் புலியின் அகழிக்குள் இருந்த இளைஞரைக் காப்பாற்றுவதாக எண்ணி, மேலே நின்றவர்கள் கூச்சலிட்டார்கள், கல்லெறிந்தார்கள். அந்த இளைஞர் பிழைக்கவில்லை. 2016 மே மாதம் அமெரிக்காவின் சின்சினாட்டியில் மூன்று வயதுச் சிறுவன் கொரில்லாவின் அகழியில் விழுந்தபோது சிறுவன் பிழைத்தான். 17 வயதான ஹராம்பே என்ற அந்தக் கொரில்லா சுட்டுக்கொல்லப்பட்டது. மயக்க ஊசி போட்டிருக்கலாமே என்று பலர் கேட்டார்கள். மருந்து வேலை செய்யச் சில நிமிடங்கள் ஆகும், ஊசி தைத்த வலியில் விலங்கு வெறிகொள்ளவும் கூடும் என்பதே அதற்குப் பதில். தடுப்பு மீறப்பட்டால் விலையைக் கொடுப்பது பல சமயம் விலங்குதான். அப்படி ஒன்று நம் கண்முன் நடந்தால் கத்தாமல், எதையும் எறியாமல், கூட்டத்தை விலக்கிவிட்டு, அருகிலுள்ள ஊழியரிடம் ஒருவர் ஓட வேண்டும். விழுந்தவர் அசையாமல், புலியின் பக்கம் முதுகைக் காட்டாமல் இருக்கும்படி தாழ்ந்த குரலில் சொல்லலாம்.

எச்சில் துப்புவதும், இருமலோடு கூண்டருகே போய் நிற்பதும் சிறிய செயல்களாகத் தோன்றும். நோய் விலங்கிடமிருந்து மனிதருக்குத்தான் வரும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். காசநோய் போன்றவை மறுதிசையிலும் போகும். 2021-இல், ஊரடங்கினால் பூங்கா பூட்டியிருந்த காலத்திலேயே, வண்டலூர்ச் சிங்கங்களுக்குக் கொரோனா தொற்றி, ஜூன் மாதத்தில் நீலா என்ற பெண்சிங்கமும் பத்மநாதன் என்ற ஆண்சிங்கமும் இறந்தன.

இவை வெறும் பண்பாட்டு விதிகள் என்று கருத வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஜே பிரிவு, உயிரியல் பூங்காவில் விலங்கைச் சீண்டுவது, காயப்படுத்துவது, தீனி கொடுப்பது, சத்தத்தால் தொந்தரவு செய்வது, குப்பை போடுவது ஆகிய அனைத்தையும் தடைசெய்கிறது. மீறினால் சிறைத்தண்டனையும் உண்டு.

கடைசியாக, கூண்டுக்கு வெளியே இருக்கும் குரங்குகள். அமிர்தி காட்டோரம் என்பதால் அங்கே சுற்றும் நாட்டுக்குரங்குகள் பூங்காவின் விலங்குகள் அல்ல. எந்த வேலியும் நமக்கும் அவற்றுக்கும் இடையில் இல்லை. ஒருமுறை கையிலிருந்து வாங்கித் தின்ற குரங்கு, அடுத்தமுறை கேட்காது, பறிக்கும். பறிக்கக் கற்ற குரங்கைப் பற்றிப் புகார் எழும். பிறகு கூண்டு வைத்துப் பிடித்து, அதற்கு உறவும் இடமும் தெரியாத காட்டில் கொண்டுபோய் விடுவார்கள். ஆகவே பையை மூடி வைத்திருங்கள், பாலித்தீன் கவரின் சலசலப்பைக்கூடத் தவிருங்கள், மஞ்சப்பை நல்லது. பல்லைக் காட்டினால் சிரிக்கிறது என்று குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். அது மிரட்டலாகவோ அச்சமாகவோ இருக்கும். கண்ணுக்குக் கண் முறைத்துப் பார்க்காமல், பார்வையைத் தாழ்த்தி, மெல்லப் பின்வாங்குங்கள். கடித்துவிட்டாலோ கீறிவிட்டாலோ, மஞ்சளோ சுண்ணாம்போ வைக்காமல், ஓடும் நீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கோ செல்லுங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசியை மருத்துவர் சொல்லும் நாட்களில் ஒரு தவணையும் விடாமல் போட்டுக்கொள்ள வேண்டும். புண் ஆறிவிட்டதே என்று பாதியில் நிறுத்தக்கூடாது.