கையெழுத்துக்கு முன்னால் கல்லா

அமெரிக்காவில் கறுப்பினத்தவர் நடத்தும் தனிப் புத்தகக் கடைகளில் எழுத்தாளர் சந்திப்பு, கவிதை வாசிப்பு, சனிக்கிழமை காலையில் பிள்ளைகளுக்குக் கதை என்று ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். அங்கே போகும் நம்மவர்கள் செய்யும் தவறுகளை எழுத நான் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. முக்கால்வாசி நானே செய்தவை.

ஆகப் பெரிய தவறு, புத்தகத்தை ஆன்லைனில் மலிவாக வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போய், கடையில் ஒன்றும் வாங்காமல் கையெழுத்து வரிசையில் நிற்பது. என் முதல் கூட்டத்துக்கு நான் அப்படித்தான் போனேன். வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த அம்மா என் கையிலிருந்த பிரதியைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பின் அட்டையில் அவர்கள் கடை ஸ்டிக்கர் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரிந்தது.

கணக்கைப் பார்த்தால் விஷயம் புரியும். கெட்டி அட்டைப் புத்தகம் 28 டாலர் என்று வையுங்கள். கடைக்கு நிற்பது அதில் 40 சதவீதத்தை ஒட்டி, அதாவது பதினோரு டாலர் சொச்சம். ஐம்பது நாற்காலியும் நிறைந்து பன்னிரண்டு பிரதி விற்றால் கல்லாவில் விழுவது 134 டாலர். அதற்காக இரண்டு பேர் கடை மூடிய பிறகும் மூன்று மணி நேரம் நின்றிருக்கிறார்கள். அவர்களுக்குச் சம்பளம் கொடுத்து, தண்ணீர் பாட்டில் வாங்கிய காசையும் கழித்தால், மிச்சம் டீக்குத்தான் காணும். விற்காத பிரதிகளைப் பதிப்பகத்துக்குத் திருப்பி அனுப்பலாம்தான், ஆனால் பார்சல் செலவு பெரும்பாலும் கடை தலையில். இன்னொன்றும் இருக்கிறது. பெரிய எழுத்தாளர் எந்த ஊரில் எந்தக் கடைக்குப் போவார் என்று முடிவு செய்வதில் பதிப்பகத்தின் கைதான் ஓங்கியிருக்கும். போன தடவை எத்தனை பிரதி விற்றது என்று அவர்கள் கேட்பார்கள். எத்தனை பேர் கைதட்டினார்கள் என்று கேட்க மாட்டார்கள்.

இந்த மனக்குறை பழையது. 1958 செப்டம்பர் 20 அன்று மார்ட்டின் லூதர் கிங் தன் முதல் புத்தகத்தில் கையெழுத்துப் போட நியூயார்க்கில் கறுப்பினத்தவர் பகுதியான ஹார்லெமுக்கு வந்தார். அங்கே லூயிஸ் மிஷோ என்ற கறுப்பினத்தவர் 1930களிலிருந்து புத்தகக் கடை நடத்திக்கொண்டிருந்தார். கையில் காசில்லாதவர்கள் பின்னறையில் உட்கார்ந்து படிக்கலாம். கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் அங்கே படித்தவர், அந்தக் கடை வாசலில் நின்று கூட்டத்தினரிடம் பேசியவரும்கூட. ஆனால் கிங் கையெழுத்துப் போட உட்கார்ந்தது 125ஆம் தெருவில் வெள்ளையர்களுக்குச் சொந்தமான ப்ளம்ஸ்டைன் என்ற டிபார்ட்மென்ட் ஸ்டோரில். மிஷோ கொதித்துப்போனார். அந்த நாளை உலகம் நினைவில் வைத்திருப்பது வேறு காரணத்துக்காக. மேசையில் உட்கார்ந்திருந்த கிங்கை ஒரு பெண் வந்து கடிதம் பிரிக்கும் கத்தியால் மார்பில் குத்தினார், கிங் பிழைத்ததே பெரிய பாடு. மிஷோவின் கோபம் வரலாற்றில் அடிக்குறிப்பாகிப் போயிற்று. எனக்கென்னவோ இந்த மாதிரிக் கடைக்குள் நுழையும்போதெல்லாம் அந்த அடிக்குறிப்புதான் ஞாபகம் வருகிறது. தெருவுக்கே படிக்கக் கற்றுக்கொடுத்த கடை ஓரமாய் நிற்க, விற்பனை இன்னொரு இடத்தில் நடந்தது.

அதனால் வந்ததும் நேராகக் கல்லாவுக்குப் போங்கள். அன்றைய புத்தகம் கட்டுப்படியாகவில்லை என்றால் ஒரு வாழ்த்து அட்டையோ பழைய பேப்பர்பேக்கோ வாங்கலாம். இலவசம் என்று போட்டிருந்தாலும் பதிவு செய்துவிட்டு வராமல் இருக்காதீர்கள். நாற்காலி போடுவதும் பிரதி வரவழைப்பதும் அந்த எண்ணிக்கையை வைத்துத்தான். வர முடியவில்லையா, ஒரு வரி எழுதிப் போட்டால் போதும்.

அடுத்தது, நேரம். ஆறரை மணிக் கூட்டத்துக்கு ஏழு மணிக்குப் போகிற பழக்கம் நமக்கு உண்டு. சில கூட்டங்கள் முன்னோர்களுக்கு நீர் வார்த்துத் தொடங்கும். நான் பார்த்த ஒன்றில், கூட்டத்திலேயே மூத்தவர் எழுந்து சின்னச் சொம்பு போன்ற ஒன்றிலிருந்து ஜன்னலோரச் செடித் தொட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றினார். ஊற்றும்போது இறந்துபோனவர்களின் பெயர்களைச் சபையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஒவ்வொரு பெயருக்கும் எல்லாரும் சேர்ந்து ‘அஷே’ என்றார்கள். யொரூபா மொழிச் சொல், ‘அப்படியே ஆகட்டும்’ என்பது மாதிரி. என் பக்கத்து நாற்காலிக்காரர் அந்த நேரம் பார்த்துக் கதவைக் கிறீச்சிட்டுத் திறந்துகொண்டு வந்து, கோட்டைக் கழற்றி, இடம் கேட்டு, போனை வெளியே எடுத்தார். யாரும் முறைக்கவில்லை. எனக்குத்தான் கூச்சமாக இருந்தது, அவர் என்னோடு வந்தவர்.

சபை பதில் குரல் கொடுப்பதைக் கண்டு மிரள வேண்டாம். எழுத்தாளர் ஒரு வரி வாசித்ததும் பின்வரிசையில் ‘ம்ம்ம்’ என்று ஒரு குரல், இன்னொரு மூலையில் ‘ஆமென்’. முதல் தடவை நான் யாரோ கலாட்டா செய்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்துவிட்டேன். கறுப்பினத் தேவாலயங்களில் ஊறிய வழக்கம் அது. வில்லுப்பாட்டில் பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ போடாவிட்டால் கதை எப்படி நகரும்? அதுபோலத்தான். ‘உஷ்’ என்று சொல்லிவிடாதீர்கள்.

சரி, கேள்வி நேரம். இதில்தான் நம்மவர்கள் கொடி கட்டிப் பறக்கிறார்கள். மைக் கைக்கு வந்ததும் பெயர், ஊர், வேலை, அப்புறம் சாதியும் நிறவெறியும் எப்படி ஒன்று என்று ஒரு சிற்றுரை. ஒப்பிடுவது தப்பில்லை. 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் இயக்கத்தைத் தொடங்கியவர்கள் அமெரிக்காவின் பிளாக் பேந்தர்ஸ் என்ற கறுப்பின உரிமை இயக்கத்தைப் பார்த்துத்தான் அந்தப் பெயரையே வைத்தார்கள். அது உண்மையான உறவு. ஆனால் அங்கே இருக்கும் அறுபது பேர் கேட்க வந்தது எழுத்தாளரை. நான் ஒருமுறை நாலு நிமிடம் பேசி முடித்தபோது, அந்த நாவலாசிரியை மிகவும் கனிவாக, “இதில் எனக்கான கேள்வி எங்கே இருக்கிறது, பிரதர்?” என்றார். சபை சிரித்தது. இப்போதெல்லாம் கேள்வியை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போகிறேன், இரண்டு வரிக்கு மேல் போனால் அடித்துவிடுகிறேன்.

இன்னொரு கேள்வியும் வேண்டாம்: “நாங்கள் என்ன செய்ய வேண்டும், சொல்லுங்கள்.” காதலைப் பற்றியோ துப்பறிவதைப் பற்றியோ எழுதியவரிடம் கூட இதைக் கேட்கிறார்கள். அவர் அதிகாலை எழுந்து மூன்று வருடம் எழுதியது கதை, அதைப் பற்றிக் கேட்கலாமே. கடைக்காரரிடமும் இதே சங்கடம். 2020இல் ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ் கையில் கொல்லப்பட்ட பிறகு நாடெங்கும் கறுப்பினக் கடைகளில் ஆர்டர்கள் குவிந்தன. பாஸ்டன் ராக்ஸ்பரியில் இருக்கும் ஃப்ரூகல் புக்ஸ்டோருக்கு மட்டும் 20,000க்கு மேல். எல்லாரும் கேட்டது நிறவெறி பற்றிய அதே சில தலைப்புகளை, அவையோ மறு அச்சுக்குக் காத்திருந்தன. வாடிக்கையாளர்கள் பொறுமையிழந்து மின்னஞ்சல் அனுப்ப, கடை நடத்தும் தம்பதி பொறுமை கேட்டுக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. ஆதரிக்கப் போய் அதிகாரம் செய்வது என்றால் இதுதான். பிப்ரவரியில் கறுப்பின வரலாற்று மாதத்துக்கு மட்டும் தலைகாட்டுவதும் இதன் சின்ன வடிவம். ஆகஸ்ட் மாதத்துச் செவ்வாய்க்கிழமையிலும் கடைக்கு வாடகை உண்டு.

படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள். எழுத்தாளரை எடுப்பதில் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. சபையில் உள்ளவர்களின் முகத்தை வீடியோ எடுத்துப் போடுவதுதான் சிக்கல். 1834இல் நியூயார்க்கில் டேவிட் ரக்கிள்ஸ் என்ற கறுப்பினத்தவர் திறந்த புத்தகக் கடையை மறுவருடமே ஒரு கும்பல் கொளுத்தியது. 1968 அக்டோபரில் எஃப்.பி.ஐ. தலைவர் ஹூவர், கறுப்பினப் புத்தகக் கடைகளைக் கண்டறிந்து சத்தமில்லாமல் விசாரிக்கும்படி நாடெங்கும் உள்ள தன் அலுவலகங்களுக்கு உத்தரவு போட்டார். வாஷிங்டனில் அந்த ஆண்டு திறந்த டிரம் அண்ட் ஸ்பியர் கடையும் அவர்கள் கண்ணில் பட்டது. வந்துபோகிறவர்களைக் கவனித்த கண்கள் இந்தக் கடைகளுக்குப் புதிதில்லை. நீங்கள் நல்லெண்ணத்தோடு போனை நீட்டுவது எதிரே இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

கையெழுத்து வரிசையில் இரண்டே விஷயம். பெயரை ஒட்டுத்தாளில் பெரிய எழுத்தில் எழுதி முதல் பக்கத்தில் ஒட்டுங்கள், நம் பெயர்களை வாயால் சொல்லி அவர்கள் எழுதி முடிப்பதற்குள் பின்னால் இருப்பவருக்குக் கால் வலித்துவிடும். நீங்கள் எழுதி இன்னும் அச்சாகாத புத்தகத்தை எழுத்தாளர் கையில் திணிக்காதீர்கள். உங்கள் புத்தகத்துக்கு அந்தக் கடையில் கூட்டம் நடத்த ஆசை என்றால் இரண்டு மூன்று மாதம் முன்பே கேளுங்கள், வேறொரு பகல் நேரத்தில், கூட்டமில்லாதபோது. அதற்கு முன் அங்கே நாலு புத்தகமாவது வாங்கியிருந்தால் நல்லது.

கடைசியாக, பெயர் தெரியாத எழுத்தாளர் என்றால் போகாமல் இருப்பது. லாஸ் ஏஞ்சலஸில் ஈஸோ வான் என்று ஒரு கடை இருந்தது. 1995இல் தன் முதல் புத்தகத்தோடு அங்கே வந்த ஒரு இளைஞரைக் கேட்க வந்தவர்கள் பத்துப் பேர் அளவில்தான். அவர் பெயர் பராக் ஒபாமா. அடுத்த புத்தகத்துக்கு அவர் வந்தபோது கூட்டம் தாங்கவில்லை. கடை 2022 இறுதியில் மூடிவிட்டது.

நான் போன மிகச் சிறிய கூட்டத்துக்கு ஆறு பேர் வந்திருந்தார்கள். மழை நாள். கவிஞர் மேசையை விட்டு எழுந்து வந்து எங்களோடு நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கையெழுத்துப் போடும்போது ஒட்டுத்தாளில் நான் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைப் பார்த்து, உங்கள் மொழியில் எப்படி எழுதுவீர்கள் என்று கேட்டார். ‘எழில்’ என்று எழுதிக் காட்டினேன். ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து வரைந்தார். ழ-வின் வாலை மட்டும் வேறு பக்கம் சுழித்துவிட்டார்.